ஊற்றடி வளைவு

நேயர்களுக்கு வணக்கம்.

மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் நான் சைக்கிளை எடுத்துப் போகவில்லை. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மறுநாள் ஓட்டப்போகும் 6 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை நடந்தே பார்த்தேன். சைக்கிளில் போனால் கல் தெரியும், வேர் தெரியும். அந்தக் கல் அசையுமா, அந்த வேரில் ஈரம் இருக்கிறதா என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும்.

நான்காவது கிலோமீட்டரில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பாதை செங்குத்தாக இறங்கி இடப்பக்கம் திரும்புகிறது. நான் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: “நாளைக்குச் சைக்கிள் ஓட்டப் போறீங்களா தம்பி? இந்த வளைவுல ஊத்துத் தண்ணி கசியும். வெயில் காலத்துலயும் காயாது. நாங்க மூட்டையோட மேட்டோரமாத்தான் போவோம். நீங்களும் அப்படியே போங்க.”

கால் வைத்துப் பார்த்தேன். மேலே காய்ந்த சருகு. அடியில் களிமண் வழவழவென்று இருந்தது.

மறுநாள் மூன்று சுற்று, 18 கிலோமீட்டர். நான் 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். சமவெளியிலிருந்து வந்த நண்பர்களுக்கு முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறிய கியரில் போட்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்தி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பேச வந்தது இறக்கத்தைப் பற்றி, அதிலும் பிரேக்கைப் பற்றி.

இந்த விளையாட்டு பிறந்த கதையிலேயே பிரேக் இருக்கிறது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஒரு மலைப்பாதையில் பந்தயம் வைத்தார்கள். 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். அவர்களிடம் இருந்தவை தடித்த டயர் போட்ட பழைய காலத்துச் சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின்சக்கரம் நிற்கும், பலவற்றில் அது ஒன்றுதான் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம், அதாவது ஹப், சூடாகி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். குடத்தைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக் என்பார்கள். அந்தப் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்று தனியாகச் சைக்கிள் சட்டம், அதாவது ஃபிரேம், செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் பொன்முடியில் நடந்தது.

இன்று நம்மிடம் இருப்பது டிஸ்க் பிரேக். ஒரு விரல் போதும். ஆட்காட்டி விரலைப் பிரேக்கில் வைத்து, மற்ற விரல்களால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளலாம். நான்கு விரலாலும் பிரேக்கை இறுக்கிக்கொண்டு இறங்கினால் சீக்கிரமே முன்கை கல்லாகிவிடும். பிரேக் போட்டதும் உடலின் பாரம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும். அதனால்தான் பின் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காமல் சறுக்குகிறது. உருளும் டயர் மண்ணைப் பற்றும், பூட்டிக்கொண்ட டயர் மண்ணைச் சீவும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்திவிட வேண்டும். டயரில் காற்றும் பார்த்து அடைக்க வேண்டும். என் எடை 72 கிலோ. முன் டயருக்கு 20, பின் டயருக்கு 23 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருந்தேன்.

இவ்வளவும் தெரிந்தும் இரண்டாம் சுற்றில் விழுந்தேன். முதல் சுற்றில் அந்த அம்மா சொன்ன மேட்டோரமாகவே போனேன், சிக்கல் இல்லை. இரண்டாம் சுற்றில் எனக்கு முன்னே போன ஓர் இளைஞரை முந்தும் ஆசையில் உள்பக்கமாகப் புகுந்தேன். சருகு தெரிந்ததும் பயம் வந்தது. கை தானாகப் பின் பிரேக்கை இறுக்கியது. அடுத்த நொடி இடது தோள் மண்ணில் இருந்தது. தலை தரையில் மோதியும் ஹெல்மெட் காப்பாற்றியது. அந்த இளைஞர் வண்டியை நிறுத்தி, “அண்ணா, எந்திரிக்க முடியுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவருடைய பந்தயத்தில் அது எத்தனை நொடி என்று எனக்குத் தெரியும்.

எழுந்து செயினை மாட்டும்போதுதான் பார்த்தேன். என் டயர் சீவிய தடம் நாலைந்து அடி நீளத்துக்கு இருந்தது, ஒரு விரல் ஆழம். அறுபட்ட புல்வேர்கள் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஊற்றுத் தண்ணீர் அதற்குள் இறங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட ஆரம்பித்தது.

மூன்றாம் சுற்றில் மேட்டோரமாக, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே பிரேக்கைத் தொடாமல் போனேன். அன்று அந்த இறக்கத்தில் எனக்கு அதுதான் மிகக் குறைந்த நேரம். என் பிரிவில் ஏழாவதாக வந்தேன்.

ஆனால் அந்தத் தடம் மனதை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட தடம் அங்கே என்னுடையது மட்டுமல்ல. நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. இன்று விரல் ஆழத்தில் இருப்பதை இரண்டு மழை வாய்க்காலாக்கிவிடும். நமக்கு அது ஒரு நாள் பந்தயப் பாதை. கொழுந்து மூட்டையோடு தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது வேலைக்குப் போகும் வழி. பந்தயம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பரிசளிப்பு முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதோடு நிறுத்தாமல், பாதையைச் செப்பனிடவும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அடுத்த ஞாயிறு, தோட்டத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு நாங்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு போனோம். தடத்தில் மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா வந்து நின்று பார்த்தார். “மண்ணைப் போட்டா நிக்காது தம்பி. மொதல்ல தண்ணிக்கு வழி விடுங்க” என்று, கையிலிருந்த குச்சியால் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டிலேயே வெட்டினோம். ஊற்று நீர் சரிவுப் பக்கம் திரும்பியது. வெட்டிய இடத்தில் தட்டையான கற்களைப் பதித்தோம். மாலையில் இலை எடை போடும் நேரத்துக்கு அவர் மூட்டையோடு வந்தார். நடுக்கல்லில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். கல் அசையவில்லை. அதன் மேலேயே நடந்து போனார்.

வணக்கம்.