அடிவாரத்தில் தலைக்கு ஏறும் ஹெல்மெட்

நேயர்களுக்கு வணக்கம். தண்டனை கொடுத்தால் ஆள் திருந்துவானா என்று யாராவது கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரத்துக்குப் போய் நின்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். சேலம் கோரிமேடு வரைக்கும் பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு வந்த ஹெல்மெட், காக்கிச் சட்டை கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறும், வார்கூட மாட்டுவதில்லை, சும்மா கவிழ்த்துக்கொள்வதுதான். சோதனைச் சாவடி தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் அது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். மொத்தம் இருபது வளைவு, பள்ளமெல்லாம் அந்த இரண்டுக்கு மேலேதான் இருக்கிறது!

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ஹெல்மெட் போடாதவருக்கான நூறு ரூபாய் அபராதத்தை ஆயிரம் ஆக்கினார்கள், 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் அது வந்தது. பத்து மடங்கு. நம் ஆட்கள் கற்றுக்கொண்டது போலீஸ் எந்த நேரத்தில் எந்த மரத்தடியில் நிற்பார் என்பதை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938-லேயே எலியை வைத்துப் பார்த்துவிட்டார்: தீனிக்காக நெம்புகோலை அழுத்திப் பழகிய எலிக்குத் தீனியை நிறுத்திவிட்டு, அழுத்தும்போது காலில் தட்டினால் கொஞ்ச நேரம் விட்டுவிடும், தட்டுவது நின்றதும் திரும்ப அழுத்தத் தொடங்கி, கடைசியில் தட்டே வாங்காத எலி மொத்தம் எத்தனை தடவை அழுத்தியதோ அந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இன்னொன்று, இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் நடந்தது. குழந்தைகள் காப்பகங்களில் சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும், சில பெற்றோர் லேட்டாக வருவார்கள், பாவம் ஓர் ஆசிரியை காத்திருப்பார். நீஸி, ருஸ்டிக்கினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பத்துக் காப்பகங்களைக் கவனித்து, ஆறில் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் பத்து ஷெக்கல் அபராதம் என்று வைக்கச் செய்தார்கள். என்ன ஆகியிருக்கும்? லேட்டாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டார்கள்! அதுவரை ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூச்சம் இருந்தது, இப்போது காசு கொடுத்தாயிற்று, கூச்சம் எதற்கு? இதைவிட வேடிக்கை, சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்த பிறகும் யாரும் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான். 2000-இல் வந்த ஆய்வு இது. நம் ஊரில் ‘ஃபைன் கட்டிக்கிறேன், விடுங்க சார்’ என்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் தண்டனையே வேலை செய்யாதா? செய்யும், உடனே வந்தால், ஒவ்வொரு தடவையும் வந்தால். அதே மலையில் காரில் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து பாருங்கள், சில வளைவுக்குள் கருகல் வாடை அடிக்கும், யாரும் சொல்லித்தர வேண்டாம், கை தானாக இரண்டாவது கியருக்குப் போகும். அது ஆள் பார்த்து விடுவதில்லை, சிபாரிசுக்கும் மசிவதில்லை. தண்டனை கடுமையாக இருப்பதைவிடத் தப்பாமல் வருவதுதான் முக்கியம் என்று 1764-லேயே இத்தாலியில் பெக்காரியா என்ற சட்டச் சிந்தனையாளர் எழுதிவிட்டார். சரி, திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன், அளவைக் கூட்டுவது சுலபம், தப்பாமல் பிடிப்பதுதான் கஷ்டம்.

பள்ளிக்கூடத்துப் பிரம்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வந்தேன், கடிகாரம் விடவில்லை. 1967-இல் செலிக்மேன், மேயர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், என்ன செய்தாலும் ஷாக் நிற்காது என்று பழகிய நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தாண்டித் தப்ப வழியிருந்தும் படுத்தே கிடந்தன. கணக்கு நோட்டைத் திறக்கும் முன்பே கையை நீட்டுகிற பையனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிக்கக் கூடாது, மனத்தையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. வீட்டில் விழும் அடியைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.