மிச்சமிருக்கும் 92 நிமிடம்

(ஈரோட்டில் பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஒரு கணக்கில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிளப் அளவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி நடக்கிறது. ஒரு குழுவுக்கு 8 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஏறிச் செய்ய 1 நிமிடம், நடுவர்கள் மார்க் போட 2 நிமிடம். ஆக ஒரு கருவியை முடிக்க 24 நிமிடம். வால்ட் (ஓடி வந்து தாண்டுகிற மேசை), பார் (தொங்கி ஆடுகிற கம்பிகள்), பீம் (மேலே நடக்கிற குறுகலான கட்டை), ஃப்ளோர் (தரை) என நான்கையும் சுற்றி வர 96 நிமிடம். இதில் ஆட்டிசம் உள்ள நம் அம்மிணி உடம்பை அசைக்கிற நேரத்தைக் கூட்டினால் 4 நிமிடம் தேறும். மிச்சமிருக்கும் 92 நிமிடமும் அவள் பெஞ்சில்தான் இருக்கிறாள். மாதக்கணக்கில் நாம் பயிற்சி கொடுத்ததோ அந்த 4 நிமிடத்துக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளை போட்டியன்று நிலைகுலைவது பெரும்பாலும் அந்த 92 நிமிடத்துக்குள்தான். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றி.

அதற்கு முன்னால், எந்தப் போட்டி என்று பலர் கேட்கிறீர்கள். பாராலிம்பிக்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் கிடையாது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் உண்டு. 8 வயது முடிந்திருக்க வேண்டும், அறிவுசார் குறைபாடும் இருக்க வேண்டும். ஆட்டிசம் மட்டும் இருந்து அறிவுத்திறன் இயல்பாக உள்ள பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளோடு கலந்து ஆடுகிற கிளப் போட்டிதான் வழி. ‘எங்கள் விதியில் இல்லை’ என்று அமைப்பாளர் சொன்னால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பிரிவு 30-ஐ எடுத்துக் காட்டுங்கள். விளையாட்டில் பங்கேற்பதற்காகவே எழுதப்பட்ட பிரிவு அது. அதைச் சண்டைக்கு எடுத்துப் போகாதீர்கள், பேச்சுவார்த்தைக்கு எடுத்துப் போங்கள்.

உடம்பைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிற பழக்கம் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உண்டு. கெண்டைக்கால் தசை இறுகியிருக்கும். வால்ட்டில் இருந்து குதிக்கும்போது குதிகால் தரையில் படாமல் முன்னால் சாய்ந்து கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். முதலில் 20 செ.மீ. உயரப் பெட்டியில் இருந்து குதிக்கப் பழக்குங்கள்: குதிகால் ஊன்றி, முழங்கால் மடங்கி, கை முன்னால் நீட்டி நிற்க வேண்டும். இது சரியாக வந்த பிறகு உயரத்தைக் கூட்டலாம். மூட்டு அளவுக்கு மேல் வளைகிற பிள்ளைகளும் உண்டு. ஸ்ப்ளிட், அதாவது காலை அகல விரித்துத் தரையில் உட்காருவது, சுலபமாக வருகிறதே என்று மேலே உட்கார்ந்து அமுக்காதீர்கள். அங்கே வேண்டியது தசைக்குப் பலம்.

வலிப்பு உள்ள பிள்ளையை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் பாரிலும் உயர பீமிலும் ஏற்றவே கூடாது. ஆட்டிசத்தோடு டவுன் சிண்ட்ரோமும் இருந்தால் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். மருத்துவர் பார்த்து அனுமதிக்கும் வரை உருளலும் தலைகீழ் நிற்பதும் வேண்டாம்.

விழுந்தால் ‘வலிக்குதா, இல்லையா?’ என்று கேட்பது நம் வழக்கம். கேட்டதையே திருப்பிச் சொல்கிற பிள்ளை ‘இல்லையா’ என்பாள். நாமும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கையில் அடியா என்று பார்க்க, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள். ஒரு கை பின்வாங்கினால் அங்கே அடி இருக்கலாம். வலியைத் தாமதமாகவோ குறைவாகவோ காட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு தடவை பார்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

கற்றுக்கொடுப்பதில் இரண்டு விஷயம். ஃப்ளோரில் ஆறு அசைவு கொண்ட தொடர் என்றால் ஆறாவதை முதலில் பழக்குங்கள். பிறகு ஐந்தும் ஆறும். பிறகு நான்கில் இருந்து. எங்கே தொடங்கினாலும் தெரிந்த இடத்தில் போய் முடியும், கையைத் தூக்கி நிற்கிற நிறைவு ஒவ்வொரு தடவையும் கிடைக்கும். இரண்டாவது, ‘இன்னும் ஒரே ஒரு தடவை, கண்ணு’ என்ற பொய். ஒரே ஒரு தடவை என்று சொல்லி நாலு தடவை செய்ய வைத்தால் ஐந்தாவது நாள் அவள் ஹாலுக்குள்ளேயே வரமாட்டாள். மேட் ஓரத்தில் 5 அட்டைகளை வையுங்கள். ஒவ்வொரு முறையும் அவளே ஒன்றை எடுக்கட்டும். தீர்ந்ததா, தீர்ந்தது. கடைசி முறை சொதப்பினாலும் ஆறாவது அட்டையைப் பையில் இருந்து எடுக்காதீர்கள்.

தொட்டுப் பிடிப்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இடுப்பைப் பிடிக்கிறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சொல்லிவிட்டு உள்ளங்கை முழுக்கப் பதியும்படி அழுத்திப் பிடியுங்கள். விரல் நுனியால் லேசாகத் தொடுவதுதான் பல பிள்ளைகளுக்குச் சகிக்காது.

சரி, அந்த 92 நிமிடத்துக்கு வருவோம். தினசரிப் பயிற்சியில் யாரும் காத்திருப்பதில்லை. ஒரு கருவியில் இருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். காத்திருப்பது அவளுக்குப் புது வித்தை, ஆகவே கை ஊன்றிப் பக்கவாட்டில் சுழல்கிற கார்ட்வீல் மாதிரியே படிப்படியாகத்தான் வரும். முதல் வாரம் 2 நிமிடம். மணல் கடிகாரமோ நேரம் குறைவது கண்ணுக்குத் தெரிகிற டைமரோ வையுங்கள். பிறகு 5, பிறகு 10, கடைசியில் 25 நிமிடம் வரை. உட்கார ஓர் எல்லை வேண்டும்; பெஞ்ச் என்றால் நடுவில் வேண்டாம், ஓரத்து இடம். தரை என்றால் ஒரு வளையமோ சின்ன மேட் விரிப்போ போதும். அதையே போட்டிக்கும் எடுத்துப் போங்கள். கையில் அமுக்குகிற பந்து, கடித்து மெல்ல ஏதாவது, வறுத்த கடலை இப்படி. போட்டி அரங்கில் போடுகிற சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். நாலே நாலு உணவு மட்டும் சாப்பிடுகிற பிள்ளை என்றால் வீட்டு அரிசிம்பருப்பு சாதம் டிபன் பாக்ஸில் இருக்கட்டும், ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கொடுத்துவிடுங்கள்.

வெறுமனே உட்கார வைத்தாலும் ஆகாது. முறை வருவதற்குச் சில நிமிடம் இருக்கும்போது எழுப்பி, சுவரை 10 முறை தள்ளச் சொல்லுங்கள், கையும் காலும் ஊன்றி நடக்கிற கரடி நடை ஒரு சுற்று, மேட் விரிப்பை இழுத்துப் போடுவது ஒன்று. மூட்டுக்கும் தசைக்கும் பாரம் கிடைத்தால் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தெளிவாகும். பீமில் ஏறுவதற்கு முன் மட்டும் தன்னைத்தானே சுற்ற விடாதீர்கள். சுற்றினால் சந்தோஷப்படுவாள், 10 செ.மீ. அகலப் பலகையில் ஏறியதும் சாய்ந்துவிடுவாள்.

அடுத்தது வரிசை. ‘உன் முறை வரும்’ என்பது அவளுக்கு ஒன்றுமே சொல்லாத வாக்கியம். ‘கீதா அக்கா இறங்கினதும் நீ’ என்பது புரிகிற வாக்கியம். பயிற்சியில் இருந்தே அவளுக்கு முன்னால் எப்போதும் அதே ஆள்தான் போக வேண்டும். பெயருக்கு கீதா என்கிறேன், உங்கள் டீமில் யாரோ அவர். அந்த அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் மாதத்துக்கு இரண்டு முறை வேறொருத்தியை முன்னால் அனுப்பிப் பழக்க வேண்டும். மாற்றத்தையும் திட்டம் போட்டே கொடுங்கள்: ஒரு நாளைக்கு ஒன்று. இன்றைக்கு ஆள் மாறினால் மேட் விரிப்பின் நிறம் மாறக் கூடாது.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஹாலில் பீம் பழுப்பு, அங்கே நீலம் என்பதற்காகவே ஏறமாட்டேன் என்று நிற்கிற பிள்ளைகள் உண்டு. அது பிடிவாதம் இல்லைங்க. அவளைப் பொறுத்தவரை அது வேறு கருவி. தரையில் இன்சுலேஷன் டேப்பால் 10 செ.மீ. அகலத்தில் கோடு, அடுத்துத் தரையோடு படுத்த பீம், அடுத்து முழங்கால் உயரம் என ஏற்றும்போதே மேலே வேறு வேறு நிறத் துணி சுற்றிப் பழக்கிவிடுங்கள். போட்டி பீமின் உயரம் 125 செ.மீ.; கிளப் போட்டிகளில் தாழ்வான பீமை அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துப் போட்டிகளுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. 9 மணி என்று நோட்டீஸில் இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் தொடங்கும். வரவேற்க வாசலில் ஜமாப் மேளம் வைத்திருப்பார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, கல்யாண மண்டபமோ தகரக் கூரை ஹாலோ எதிரொலிக்கிற மைக். மாரியம்மன் நோம்பிக்குக் காதைப் பொத்துகிற பிள்ளையை அதற்குள் உட்கார வைத்துவிட்டு, ‘நேற்று நன்றாகத்தானே செய்தாள்’ என்று வியப்பதில் அர்த்தமில்லை. தொடக்க விழாவுக்கு அவள் இருக்க வேண்டியதே இல்லை. அணிவகுப்பில் ஒருத்தி குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. டீமோடு ஒருவர் உள்ளே நின்று, விழா முடிந்ததும் வெளியே காரில் இருப்பவர்களுக்குப் போன் செய்தால் போதும். காதுக்கவசம் பெஞ்சில் இருக்கும்போது போடலாம். உருளும்போது அதன் பட்டை தலையை அழுத்தும், கட்டாயம் கழற்ற வேண்டும். அதற்கு மென்மையான காதடைப்பானைப் பழக்குங்கள்.

உடுப்பு விஷயத்தில் நம்மைப் போல் வசதி யாருக்கு இருக்கிறது? திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. கழுத்து லேபிள் குத்தும், ஓவர்லாக் தையலின் மடிப்பு அக்குளில் உரசும், ஜிகினா தொடையைக் கீறும். காட்டன் லைக்ரா துணி, மடிப்பில்லாமல் தட்டையாக வருகிற ஃப்ளாட்லாக் தையல், லேபிளுக்குப் பதில் துணியிலேயே பிரிண்ட் என்று சொல்லித் தைத்து வாங்கலாம். டீம் முழுக்க அதையே போட்டால் அவள் தனியாகத் தெரியமாட்டாள். புது உடுப்பைப் போட்டியன்று முதல்முறை போடாதீர்கள், நாலைந்து முறை துவைத்திருக்க வேண்டும். டி-ஷர்ட் என்றால் உள்ளே செருகியிருக்க வேண்டும். தலைகீழாகும்போது முகத்தை மூடும்.

நடுவருக்கு வணக்கம் வைப்பது, அதாவது கையைத் தூக்கிக் காட்டுவது, முன்னும் பின்னும் கட்டாயம். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, நடுவர் மேசைப் பக்கம் முகம் திரும்பினால் போதும். தொடங்கச் சொல்லும் சைகை விளக்காக இருக்கலாம், கொடியாக இருக்கலாம், கையசைப்பாக இருக்கலாம். மூன்றிலும் பழக்குங்கள். சர்வதேச விதியில் ஒருமுறை விழுந்தால் 1.00 புள்ளி போகும், பீமில் மறுபடி ஏற 10 விநாடி தருவார்கள். கிளப் போட்டியில் இந்த 10 விநாடியைக் கொஞ்சம் நீட்டச் சொல்லிக் கேட்கலாம். புள்ளியைக் கேட்காதீர்கள். அவள் எடுத்த மார்க் அவளுடையதாக இருக்கட்டும்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி இரண்டு வாரம் முன்பே அமைப்பாளருக்குக் கொடுங்கள்: குழுவில் அந்த அக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக இடம், முந்தின நாள் சாயங்காலம் ஹாலைப் பார்க்க அனுமதி, மைக்கில் பெயர் சொல்வதற்கு முன் கோச்சுக்கு ஒரு சைகை, பீம் அருகே கோச் நிற்க அனுமதி. பக்கம் இரண்டானால் யாரும் படிக்கமாட்டார்கள்.

டீம் பிள்ளைகளே, உங்களுக்கு. அவளைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை இல்லை, அதற்குப் பெரியவர்கள் இருக்கிறோம். நீங்கள் டீம்மேட், ஆயா அல்ல. அவளும் மேட் தூக்கட்டும், அவள் மேலும் கோபப்படலாம். கைதட்டு பிடிக்குமா, கையை மேலே ஆட்டுவது போதுமா என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடித்து வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். கையை நீட்டுங்கள், அவள் தட்டினால் தட்டட்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் போடும் முன் அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேளுங்கள். அவளுக்கு ஆட்டிசம் என்பதை அவளும் வீட்டாரும் சம்மதித்த பிறகே வெளியே சொல்ல வேண்டும். பார்க்க வருகிற ஒரம்பரைக்கும், அதாவது உறவுக்காரர்களுக்கும், இதுவேதான். அப்புச்சியும் அம்மாயியும் ஆசையாக வருவார்கள், பீமில் நிற்கிறபோது பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

அத்தனையும் செய்தும் நிலைகுலைந்தால்? பேச்சை நிறுத்துங்கள். கருவியை விட்டு அப்பால் கொண்டுபோக ஒரு ஆள், கூட்டத்தை விலக்க ஒரு ஆள், அவ்வளவு போதும். தனக்கோ பிறருக்கோ அடிபடும் என்றால் ஒழியப் பிடிக்காதீர்கள். கேள்வி கேட்காதீர்கள், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடம் என்றால் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண் போகும். இதில் பெரும்பாலும் அது இருக்காது. அடங்கிய பிறகு ‘வா, அந்த ஒரு கருவியை முடித்துவிடலாம்’ என்று கூப்பிடவும் வேண்டாம். அவளாகக் கேட்டால் சரி. இரண்டு கருவி மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போவதும் போட்டியில் பங்கெடுத்ததுதான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. போட்டி முடிந்து இரண்டு மூன்று நாள் அவள் பேச்சு குறையலாம், தூக்கம் கெடலாம், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரலாம். பள்ளிக்கு அடுத்த நாள் விடுப்பு முன்பே எழுதி வையுங்கள். போட்டியன்று சாயங்காலமே சீர், கல்யாணம் என்று எந்த வீட்டுக்கும் வருகிறோம் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்.