தனுஷ்கோடி நிலையத்தின் ஐம்பது ஆண்டுகள்

அவையோருக்கு வணக்கம்.

தனுஷ்கோடி என்றதும் நம் எல்லோருக்கும் புயல் அடித்த 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஓர் இரவைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி, இரவெல்லாம் கடலில் கிடந்தார்கள். பாலம் வந்ததும் வழியே மாறிவிட்டது. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும்; போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடித் துறை வரை கொண்டுவந்துவிடும். எதிர்க்கரையான தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். அங்கே இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களுக்கு ஆங்கிலேய ஆளுநர்களின் பெயர்கள். மணல்திட்டில் சுங்க அலுவலகம் வந்தது, தபால் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் வந்தன.

போட் மெயிலின் சொகுசைப் பலரும் வியந்திருக்கிறார்கள். எனக்கு அதே தண்டவாளத்தில் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளர்கள்தாம் முக்கியம். ஆள்சேர்க்கும் கங்காணி அழைத்துவந்தவர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்தார்கள். ஆளுக்குத் தகரத்தில் ஒரு வில்லை. அதில் எந்த வட்டாரம், எந்தத் தோட்டம் என்பதற்கு எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். பெயர் இருக்காது. அந்த வில்லையோடு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலேறியவர்களுக்குத் தாய்மண்ணில் கடைசியாகக் கண்ணில் பட்ட ஊர் தனுஷ்கோடி.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு எட்டு வாரம்கூட ஆகவில்லை, புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் மூழ்கியது. அதில் வந்தவர்கள் மாண்டார்கள். பாம்பன் பாலத்தை ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் சீர்செய்து ராமேஸ்வரம் வரை ரயில் விட்டார்கள். தனுஷ்கோடியோ வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவிக்கப்பட்டது.

இன்று அங்கே போனால் நிலையத்தின் சுவர் நிற்கிறது. கை வைத்துப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். கடலில் எடுத்த பவளக்கல். இன்னும் அங்கே குடியிருக்கும் மீனவர்கள் கடலுக்கு மிக அருகிலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைக் கிண்ணத்தால் மொள்கிறார்கள்.

ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து பலரை அதே மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர்களுடைய பாட்டன், பாட்டி புறப்பட்ட நிலையத்துக்கு அப்போது ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை.