கல்லீரலைக் காப்பது பழக்கமே: தாண்டிக்குடி பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களுக்கும் தாண்டிக்குடி மக்களுக்கும் வணக்கம். கல்லீரல் புற்றுநோயிலிருந்து நம்மைப் பெரிதும் காப்பது பழக்கமா, மருத்துவமா? பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவனுக்கும் கல்லீரல் கெடுகிறதே, அப்போது உங்கள் பழக்கம் எங்கே போனது?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, அந்த ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் தாய்மாமா!

மாமா ஜீப் ஓட்டுகிறவர். மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்குவார். குடி கிடையாது, பீடி கிடையாது. டீ மட்டும்தான். ஒரு நாள் அத்தை என்னிடம், "நீயும் கூடப் போ, எத்தனை டீ குடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வா" என்று அனுப்பினார். வண்டியை எடுக்கும் முன் ஒன்று. பண்ணைக்காட்டில் ஒன்று. வளைவில் கடை தெரிந்தால் ஒன்று. வத்தலக்குண்டு சேர்வதற்குள் ஐந்து! சரக்கை இறக்கியதும் ஒன்று. பரோட்டாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மலை ஏறும்போது மூன்று. ஒவ்வொன்றுக்கும், "மாஸ்டர், சர்க்கரை தூக்கலா!" மொத்தம் பதினொன்று. வீட்டுக்கு வந்து அத்தையிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாமா உள்ளே வந்தார். "ஏம்மா, தலை வலிக்குது, ஒரு டீ போடேன்" என்றார். பன்னிரண்டு!

கிளாஸுக்கு 2 ஸ்பூன் என்றாலும் 24 ஸ்பூன் சர்க்கரை. நாள் முழுக்க உட்கார்ந்த இடம். தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டது. 46 வயதில் சர்க்கரை நோய். ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் கொழுப்பு. அந்தக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு இறுகிச் சிரோசிஸ் ஆனால், பெரும்பாலும் அங்கேதான் புற்று முளைக்கிறது. குடிக்காமலே! இப்போது சொல்லுங்கள் அண்ணே, கெடுத்தது எது?

டாக்டர் மாமாவிடம் சொன்னது இரண்டே விஷயம். உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறையுங்கள். வாரம் 150 நிமிடம் வேகமாக நடங்கள். இன்று மாமா விடியற்காலையில் முருகன் கோயில்வரை நடக்கிறார். டீ இரண்டு, அதுவும் சர்க்கரை இல்லாமல்.

அப்புறம், தடுப்பூசி என்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் புற்றுக்கு உலகமெங்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பெரிய காரணம். குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசி அதைத் தடுக்கிறது. ஆனால் மழையிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தடுத்த தவணையைப் போட்டுவிட்டு வருகிறாளே ஒரு தாய், அது நல்ல பழக்கம் இல்லையா? அந்த ஊசியும் எங்கள் கணக்குத்தான்!

நம் ஊர்க் காப்பிக்கு ஒரு நல்ல சேதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் ஆய்வுகளையெல்லாம் அலசியது. காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் புற்று குறைவு என்று கண்டது. அதே அமைப்பு, மது புற்றுநோயை உண்டாக்கும் என்று 1988லேயே சொல்லிவிட்டது. அந்த வருடம் என் அப்பா உயிரோடு இருந்தார். அவர் வேலை பார்த்த காப்பிக் களத்துக்கு வந்து அதை யாரும் சொல்லவில்லை.

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம்.

அப்பா காப்பிக் களத்தில் வேலை பார்த்தார். பகலெல்லாம் வெயிலில் நின்று பழத்தைக் கிளறிக் காயவைப்பார். சாயங்காலம் கூலியோடு கடைக்குப் போவார். கடைசி வருடம் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் நீர் கோத்துப் பானை. சட்டைப் பொத்தான் சேரவில்லை. அம்மா இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, என் பழைய பாவாடையைக் கிழித்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்தாள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டை. அப்பாவின் கண்ணும் அதே மஞ்சள்.

அந்தச் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் என் தம்பி நிற்கிறான். தம்பி, இது முடிந்ததும் கடைப்பக்கம் போகாதேடா. அம்மா வரக்காப்பி போட்டு வைத்திருப்பாள். அங்கேயே நில்லு, நான் இறங்கி வருகிறேன். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போவோம்.