யாழ்ப்பாணம் பாசையூரில் மூன்று நாளாகக் கிளம்பாத படகு என்ஜின்: குற்றவாளி 60 ரூபா

வணக்கம் உறவுகளே. கொஞ்ச நேரம் நான் பேசப்போவதில்லை. பின்னால் வருகிற சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

கேட்டீர்களா? மூன்று நாளாக இந்தச் சத்தத்துக்குத்தான் தவம் கிடந்தேன். சரி, நிறுத்திவிடுகிறேன். சும்மா ஓடவிட்டு ரசிக்கிற காலம் 2022உடன் முடிந்துவிட்டது. அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போனதை எங்கள் கரையில் ஒருவரும் மறக்கவில்லை. அப்பா இன்றைக்கும் போத்தலின் அடியில் மிஞ்சுகிற எண்ணெயை வடித்து வைக்கிறவர். உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தோனியார் திருநாளுக்கு இரண்டு நாள் தொழிலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை நண்டு வலை எடுக்கவேண்டும். படகில் ஏறினேன், சோக்கை இழுத்தேன், கயிற்றைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் சுண்டினேன். பதினைந்து தடவை! சோளகக் காற்று முகத்தில் அடிக்கிறது, பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியாகப் போன அண்ணன் ஒருவர், “தம்பி, கயிறு அறுந்தால் கடையில் வாங்கலாம், தோள் அறுந்தால் எங்கே வாங்குவாய்?” என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே நான் மச்சானைத் திட்டத் தொடங்கினேன். கடைசியாக என்ஜினை ஓட்டியவன் அவன். எங்களுடையது மண்ணெண்ணெய் என்ஜின், 15 குதிரைவலு. பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கரைக்கு வரும்போது மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், அடுத்த நாள் குளிர்ந்த என்ஜினில் அது இலேசில் பற்றாது. இதை மச்சானுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். “நான் மாற்றித்தான் நிறுத்தினேன்” என்று சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கெல்லாம் முதல் பார்த்தது சிவப்புச் சுருள் கயிற்றை. ஓட்டுகிறவர் கடலில் விழுந்தால் என்ஜின் தானாக நிற்பதற்காகக் கையில் மாட்டுகிற கயிறு. அதன் கொளுவி தன் இடத்தில் இல்லையென்றால் நாள் முழுக்க இழுத்தாலும் பொறி வராது. அது சரியாகத்தான் இருந்தது. அம்மா, “அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து” என்றார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். எனக்கு எதுவும் தொலையவில்லையே அம்மா என்றேன். இதை நினைவில் வைத்திருங்கள்.

பிறகு ஒரு திருத்துநரிடம் போனேன். பெயரும் இடமும் சொல்லமாட்டேன். படகைப் பார்க்கவில்லை, மூடியைத் திறக்கவில்லை, பிளேன்ரீயைக் கீழே வைக்கக்கூட இல்லை. “கார்புரேட்டர் கழற்றவேண்டும், பம்பியும் மாற்றவேண்டும், 8,500” என்றார். நாடி பிடிக்காமலே அறுவைச் சிகிச்சை! இந்த மாதிரி வைத்தியம் எனக்கு அறவே பிடிக்காது. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் நானே மூடியைக் கழற்றினேன். கமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். எண்ணெயைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கிற இந்தப் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். பதினைந்து தடவை இழுத்த பிறகு பிளக் ஈரமாக இருந்தால் எண்ணெய் வருகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை. என்னுடைய இரண்டும் தீப்பெட்டிக் குச்சி மாதிரிக் காய்ந்து கிடந்தன. அப்படியும் பொறியைப் பார்த்தேன். எண்ணெய்த் தாங்கியைத் தூரத் தள்ளிவைத்துவிட்டு, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, மரையை என்ஜின் இரும்பில் படவைத்து, மச்சானைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். நீலப் பொறி, சடக் சடக் என்று. இடைவெளியும் சரி. என்ஜிகே பிளக்கில் பீ7எச்எஸ்-10 என்று எழுதியிருந்தால், வாலில் உள்ள அந்த 10தான் இடைவெளி, 1.0 மில்லிமீற்றர். ஆறு வருடம் பிளக் வாங்கியும் எனக்கு இது போன வருடம்தான் தெரியவந்தது.

ஆகவே எண்ணெய். தாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டேன், அது மூடியிருந்தால் எண்ணெய் இழுபடாது. அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் வடித்தும் பார்த்தேன். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். நிற்கவில்லை. குழாயின் நடுவில் இருக்கிற இந்த றப்பர்க் குமிழ்தான் காட்டிக்கொடுத்தது. நாலைந்து தடவை அமுக்கினால் கல் மாதிரி இறுகவேண்டும். இது இருபது தடவை அமுக்கியும் பழுத்த தக்காளி மாதிரியே இருந்தது. அப்போதுதான் விரலில் ஈரம் பட்டது. என்ஜினில் குழாய் மாட்டுகிற பூட்டைச் சுற்றிக் கசிவு. அமுக்கினால் எண்ணெய் வெளியே வருகிறது, என்ஜின் இழுத்தால் காற்று உள்ளே போகிறது. கழற்றிப் பார்த்தால், உள்ளே கசிவை அடைக்க இருக்கவேண்டிய ஓ றிங், அதாவது றப்பர் வளையத்தில் பாதியைக் காணவில்லை. ஆம் அம்மா, தொலைந்துதான் இருந்தது.

இனி விலைக் கதை. நகரத்தில் முதல் கடையில் வளையம் தனியாகக் கிடையாது, முழுப் பூட்டும் வாங்கவேண்டும், 2,800 என்றார்கள். இரண்டாம் கடையில் தண்ணீர்க் குழாய் றப்பரை எடுத்து நீட்டினார்கள். பெற்றோலுக்கு எல்லா றப்பரும் தாங்காது, ஊறி உப்பிப்போகும், எண்ணெய்க்குத் தாங்குகிற நைட்ரைல் றப்பர் வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு ஐயா பழைய வளையத்தை வாங்கி, சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்து, மூடியில்லாத டப்பா ஒன்றுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். அளவுகோல் இல்லை, ஒன்றும் இல்லை. கச்சிதமாகப் பொருந்தியது. 60 ரூபா. நான் நூறு ரூபாத் தாளைக் கொடுத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்றேன். அவர் நாற்பது ரூபாவையும் எண்ணிக் கையில் வைத்துவிட்டார். அந்தக் கடைக்கு நான் இனி அடிமை.

வளையத்தைப் போட்டு, துளி எண்ணெய் தடவி, பூட்டை மாட்டி, குமிழை அமுக்கினேன். நாலாவது அமுக்கில் கல்! கயிற்றை இரண்டாவது தடவை சுண்டியதும் பிடித்துக்கொண்டது.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்றிரவு போன வாரக் காணொளியைத் திரும்பப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறதா, மழை வருகிறது என்று அவசரமாகப் படகைக் கட்டினேனே? அதில் குழாய்ப் பூட்டின் கொளுவியை அமுக்காமல் குறட்டால் பிடித்து இழுத்து எறிகிறது ஒரு கை. அந்தக் கையில் என்னுடைய கடிகாரம்.

நீங்கள் எப்படியும் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிட்டேன். மச்சானிடம் மட்டும் யாரும் சொல்லவேண்டாம். நல்லவேளை, அவன் என் காணொளிகளைப் பார்ப்பதில்லை.