பெரிய துரைக்கு எவ்வளவு?

வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் இந்த ஊரில், அரசாங்கத்துப் பெரிய அதிகாரிகளின் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் "அது நமக்கெதுக்கு?" என்றார் ஓர் அண்ணன். சம்பளம் கொடுப்பதே நாம்தானே அண்ணே!

தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எடையைச் சத்தமாகச் சொல்வார், பாலில் தண்ணீர் இருக்கிறது என்று குறைப்பார், கணக்குப் பார்க்கும் கிராணி எழுதுவார், யாருக்கு எவ்வளவு என்று நாம் குடியிருந்த லயம் முழுக்கத் தெரிந்துவிடும். தோட்டத்து மேலாளர் பெரிய துரையின் சம்பளம்? யாருக்கும் தெரியாது.

மேலே இருப்பவர் சம்பளத்தை அப்படி நிறுத்துப் போடுவதில்லை. பக்கத்தில் யார் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்துப் போடுகிறார்கள். சிங்கப்பூர் 1994-ல் இதை வெளிப்படையாகவே செய்தது: அமைச்சர்கள், மூத்த அதிகாரிகள் சம்பளத்தை வங்கியர், வழக்கறிஞர் போன்றவர்களில் அதிகம் சம்பாதிப்பவர்களோடு கட்டிவிட்டது. குறைவாகக் கொடுத்தால் திறமையானவர் வரமாட்டார், வந்தவர் கைநீட்டுவார் என்பது வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய மருத்துவமனையை நடத்துவது விளையாட்டா? ஆனால் எந்த வாரியமும் "எங்கள் ஆள் சராசரிக்குக் கீழே" என்று சொல்ல விரும்பாது, எல்லோரும் சராசரிக்கு மேலே கொடுக்கக் கொடுக்க அந்தச் சராசரியே ஏறிக்கொண்டு போகும், அதைத் தீர்மானிக்க உட்காருகிறவர்களும் பெரும்பாலும் அதே மாதிரி சம்பளம் வாங்குகிறவர்கள்தான். நம் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனபோது யாராவது பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார்களா?

இன்னொன்று, சதவீதம். 2024 டிசம்பரில் தொடங்கிய புதிய அரசு ஊதிய முறையில் இரண்டு கட்டமாக உச்சப் பதவிகளுக்கு 7% சம்பள உயர்வு, மற்றவர்களுக்கு 15%. நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2,000 வெள்ளிக்கு 15% என்றால் 300, 20,000-க்கு 7% என்றால் 1,400.

பிரிட்டனில் பொருளாதார எழுத்தாளர் வில் ஹட்டன் 2011-ல் அரசுத் துறைச் சம்பளத்தை ஆராய்ந்தார். மேலே இருப்பவர் சம்பளம் கடைசியில் இருப்பவர் சம்பளத்தைப் போல 20 மடங்குக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு வேண்டாம் என்றார். மேலதிகாரி சம்பளம் நடுவில் இருப்பவர் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியே சொல்லுங்கள் என்றார். அதைப் பார்த்தே பக்கத்து அதிகாரி இன்னும் கூடக் கேட்பார் என்ற ஆபத்தும் உண்டு. இருந்தாலும் நான் அந்தக் கட்சி. துரை பேரும் செக்ரோலில், அதாவது நம் பேரெல்லாம் இருக்கும் சம்பளப் பதிவேட்டில், ஏறட்டும்.

சரி, டீ வந்துவிட்டது. முன்வரிசையில் பாட்டி கை தூக்கியிருக்கிறார், கேளுங்க பாட்டி.