தவில்காரர் கையில் சீப்புப் பல் எப்படி வந்தது? உங்கள் எச்.டி. டிவியிலும் அது இருக்கிறது!

(திரையில்: பழைய கல்யாண வீடியோ. கெட்டிமேளம் கொட்டும் நொடியில் நிறுத்தப்பட்டிருக்கிறது.)

வணக்கம் நண்பர்களே. இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய கல்யாண வீடியோ இது. தவில்காரரின் கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் குத்துவிளக்கின் தண்டு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கேசட் தேய்ந்திருந்தால் விளக்கும் சேர்ந்துதானே கெட்டிருக்க வேண்டும்?

காரணம் ஒரே ஒரு எழுத்து. செட்டாப் பாக்ஸ் செட்டிங்கில் 1080 என்ற எண்ணுக்குப் பின்னால் 'பி' அல்லது 'ஐ' வரும். 'பி' என்றால் ப்ரோக்ரெசிவ். ஒரே கணத்தில் பிடித்த முழுப் படத்தை மேலிருந்து கீழே 1080 வரியும் வரிசையாகக் காட்டுவது. 'ஐ' என்றால் இன்டர்லேஸ்டு. முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள் 540, அப்புறம் ஐம்பதில் ஒரு வினாடி கழித்து 2, 4, 6 என்று மீதி 540. இந்த ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். நம் கல்யாணக் கேசட்டும் இந்த 'ஐ' வகைதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1936-இல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் பி.பி.சி. இரண்டு முறைகளை மாற்றி மாற்றி ஒளிபரப்பியது. டிவி முன்னோடி பெயர்டின் 240 வரி முறை ப்ரோக்ரெசிவ், மார்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறை இன்டர்லேஸ்டு. 1937 தொடக்கத்திலேயே இன்டர்லேஸ்டு ஜெயித்துவிட்டது. வினாடிக்கு 25 முழுப் படம் காட்டினால் கண்ணுக்கு மினுக்கும், 50 முழுப் படம் அனுப்ப அலைவரிசை போதாது. பாதி பாதியாக 50 அனுப்பினால் இரண்டு தொல்லையும் தீரும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்குக்கு வருவோம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வருகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். ஐம்பதில் ஒரு வினாடிக்குள் அது 78 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஸ்டம்பின் உயரமே 71 சென்டிமீட்டர்தான்! ஒற்றை வரிகளில் ஒரு பந்து, இரட்டை வரிகளில் ஒரு ஸ்டம்ப் உயரத்துக்கும் மேல் தள்ளி இன்னொரு பந்து. இரண்டையும் ஒரே படமாகக் கோத்தால் பாதி வரிகளே உள்ள இரண்டு பந்துகள் தெரியும். தவில்காரர் கை அவ்வளவு வேகம் இல்லை, அதனால் ஓரத்தில் மட்டும் பல் முளைக்கிறது.

பழைய பெட்டி டிவி வரி வரியாக வரைந்ததால் இது தெரியவே இல்லை. இன்றைய எல்.இ.டி. டிவி எல்லா வரிகளையும் ஒன்றாகக் காட்டுகிறது. அதனால் அசையாத இடத்தில் இரண்டு பாதிகளையும் கோத்துவிட்டு, அசையும் இடத்தில் விட்டுப்போன வரிகளை டிவியே ஊகித்து நிரப்புகிறது. இதுதான் டீ-இன்டர்லேஸிங். சுமாரான டிவியில் கேமரா மெதுவாகத் திரும்பும்போது ஸ்டேடியத்துப் படிக்கட்டுகள் நடுங்குவதைக் கவனித்துப் பாருங்கள். ஊகம் தப்பும் இடம் அதுதான்.

அப்படியானால் 1080 இன்டர்லேஸ்டு நல்லதா, 720 ப்ரோக்ரெசிவ் நல்லதா? அமெரிக்க டிவி நிறுவனங்களில் ஏ.பி.சி., ஃபாக்ஸ், இ.எஸ்.பி.என். மூன்றும் 720 ப்ரோக்ரெசிவைத் தேர்ந்தெடுத்தன. சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் 1080 இன்டர்லேஸ்டு பக்கம் போயின. விளையாட்டுக்கு என் ஓட்டு 720-க்குத்தான். எண் சின்னது என்று ஒதுக்காதீர்கள், ஒவ்வொரு படமும் முழுப் படம். சினிமாவுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒரே ஃபிலிம் ஃப்ரேமைத்தான் இரண்டு பாதியாக வெட்டுகிறார்கள், திரும்ப ஒட்டினால் அப்படியே பொருந்தும்.

உங்கள் வீட்டுக் கேசட்டை மாற்றக் கொடுக்கும்போது கடையில் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "இன்டர்லேஸ்டு ஃபைலை அப்படியே கொடுங்கள், ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்." தூக்கிப் போட்டால் பாதிப் படம் திரும்பி வராது. அப்புறம் கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்ற வீடியோ ப்ளேயரில் வீடியோ மெனுவுக்குப் போய் டீ-இன்டர்லேஸை ஆன் செய்து பாருங்கள். என்ன தெரிந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.

(திரையில்: அதே கெட்டிமேளம், வினாடிக்கு 50 ஃப்ரேம்.)

பாருங்கள். பல் போய்விட்டது. ஓங்கிய கை ஒரு கணம் நிற்கும்போது, விரல்களில் அவர் மாட்டியிருக்கும் கூடுகூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது.